ஏவுதற் கருத்தா எங்கே?
உயிர்த்த ஞாயிறு பற்றிய மூன்று பிரதிகளும் சில வர்த்தமானிகளும்

மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளை இரண்டாகப் பிரித்துப் படிப்பிப்பது எங்கட தமிழ் வகுப்பறைகளில் பழைய வழக்கம். ‘தச்சனால் கட்டப்பட்ட வீடு’ என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. வேலை அவன் கையாலேயே நடந்தது. ‘அரசனால் கட்டப்பட்ட கோயில்’ என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. அவன் ஒரு கல்லையும் தூக்கவில்லை. கட்டச் சொன்னான், கட்டப்பட்டது. ‘ராஜாவா கல்லுத் தூக்கினாரு?’ என்று கேட்காத வகுப்பு இல்லை. நல்ல கேள்விதான். சொன்னவனும் செய்தவனும் வேறு வேறு ஆட்கள்; இருந்தாலும் செயல் இருவருக்கும் உரியது என்பதுதான் அந்த இலக்கணம் சொல்லும் பதில்.

இந்தப் பாகுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரச ஆவணங்களை வாசித்தால் ஒரு விசயம் துலங்கும். கோயில் எழும்பினால் ‘அரசனால்’ என்று கல்வெட்டு வைப்பார்கள். இடிந்து விழுந்தால் தச்சனைத் தேடுவார்கள். தச்சனும் கிடைக்காவிட்டால் ‘இடிந்துவிட்டது’ என்று எழுதி முடிப்பார்கள்.

திறனாய்வு என்றால் கவிதைக்கும் சிறுகதைக்கும் மட்டும் உரியது என்று ஒரு நினைப்பு எங்களுக்குள்ள இருக்கிறது. அறிக்கைகளும் தீர்ப்புகளும் வர்த்தமானிகளும் பிரதிகள்தான். அவற்றுக்கும் சொல்லி உண்டு, மௌனம் உண்டு, பாத்திரங்கள் உண்டு. சொல்லப்போனால் கடந்த சில ஆண்டுகளில் இலங்கை முஸ்லிம்களின் வாழ்வை எந்த நாவலையும் விட அதிகமாக மாற்றி எழுதியவை இந்தப் பிரதிகள்தான். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றி எழுந்த மூன்று பெரிய பிரதிகளை இங்கு வாசிக்கிறேன்: பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் அறிக்கை, ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை, உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. அவற்றோடு அந்த நாட்களில் வந்த சில வர்த்தமானிகளையும் சுற்றறிக்கைகளையும் சேர்த்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிடமும் ஒரே கேள்விதான்: இதில் ஏவுதற் கருத்தா எங்கே?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 250 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். குண்டைச் சுமந்து போனவர்கள் எங்கட பெயர்களைத் தாங்கியவர்கள். இதில் மழுப்ப ஒன்றுமில்லை. கொன்றவர்களே இயற்றுதற் கருத்தாக்கள். ஆனால் தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அது ஏன் அசையவில்லை என்பது இன்னொரு வாக்கியம். அந்த வாக்கியத்தை எழுத வந்தவைதான் இந்த மூன்று பிரதிகளும்.

பிளந்துபோன அறை

2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாகவும் ரணில் விக்கிரமசிங்க பிரதமராகவும் வந்தார்கள். எங்கட வாக்குகளில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான் விழுந்தது. அதே ஆண்டு வந்த 19 ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தது. ஆனாலும் பாதுகாப்பு, மகாவலி, சுற்றாடல் ஆகிய மூன்று விடயங்களையும் சிறிசேன வைத்திருக்கலாம் என்று இடைக்கால ஏற்பாடு செய்தது. அதிகாரம் இரண்டு கைகளுக்குப் பிரிந்தது. இரண்டு கைகளும் சேர்ந்து தூக்கினால் நல்லது. ஒன்றை ஒன்று தட்டிவிடத் தொடங்கினால் என்ன செய்வது என்பதற்கு அந்த ஏற்பாட்டில் விடை இருக்கவில்லை.

2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தல் தோல்விக்குப் பிறகு தட்டுதல் வெளியில் தெரிந்தது. ஒக்டோபர் 26 இல் ஜனாதிபதி பிரதமரை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். நவம்பர் 9 இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13 இல் ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம், கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. டிசம்பர் 16 இல் ரணில் மீண்டும் பதவியேற்றார். நெருக்கடி முடிந்தது என்று நாடு மூச்சு விட்டது. ஆனால் முடியவில்லை. புதிய அமைச்சரவையில் பாதுகாப்போடு சட்டம் ஒழுங்கையும், அதாவது பொலிஸையும், ஜனாதிபதி தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இங்கேதான் தேசிய பாதுகாப்புச் சபை என்ற அறை கதைக்குள் வருகிறது. பெயர் பெரிது. ஆனால் அது பாராளுமன்றச் சட்டமொன்றால் உருவான சபை அல்ல. யார் அதில் இருக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பதெல்லாம் அழைப்பவரின் விருப்பத்தில் தங்கியிருந்தது. 2018 ஒக்டோபருக்குப் பிறகு பிரதமர் அந்தச் சபைக்கு அழைக்கப்படவில்லை. பாதுகாப்பு இராஜாங்க அமைச்சருக்கும் அழைப்பில்லை. தன்னையும் வர வேண்டாமென்று சொல்லப்பட்டதாகப் பொலிஸ் மா அதிபர் பூஜித ஜயசுந்தர பின்னர் தெரிவுக்குழு முன் சாட்சி சொன்னார். நாட்டின் பொலிஸ் தலைவர் இல்லாமலே நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேசிய அறை அது.

அந்த மாதங்களில் வெளியில் நடந்தவற்றைக் கணக்கெடுத்தால் இப்போதும் மனம் பதறும். 2018 நவம்பர் 30 இல் வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். பழி முன்னாள் புலிகள் மீது விழுந்தது. டிசம்பர் கடைசியில் மாவனல்லைப் பக்கம் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லுவில் வெடிபொருட்கள் பிடிபட்டன. ஏப்ரல் 4 இல் வெளிநாட்டு உளவுத் தகவல் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளருக்கு வந்தது. ஏப்ரல் 9 இல் அது கடிதமானது. ஏப்ரல் 11 இல் சில பொலிஸ் பிரிவுகளுக்கு மட்டும் சுற்றுக்கு விடப்பட்டது. ஏப்ரல் 16 இல் காத்தான்குடி பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வெடித்தது. கடிதம் நடந்துகொண்டே இருந்தது, தீர்மானம் வரவில்லை. 21 ஆம் திகதி காலையில் ஜனாதிபதி சிங்கப்பூரில் இருந்தார். பதில் பாதுகாப்பு அமைச்சர் என்று எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

முதற் பிரதி: தெரிவுக்குழு

2019 மே மாதம் பாராளுமன்றம் தெரிவுக்குழுவை அமைத்தது. பிரதிச் சபாநாயகர் தலைமை. அறிக்கை ஒக்டோபர் 23 இல் சபைக்கு வந்தது. சாட்சியங்களைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. எங்கட ஊர்களில் கடைக்குக் கடை அதுதான் கதை. இரகசிய அறையின் கதவை முதன்முதலாகத் திறந்து காட்டியது என்ற வகையில் அந்தக் குழுவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் விமர்சகன் சொல்லியையும் பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பு இந்தக் குழுவில் பங்கெடுக்கவில்லை. ஜனாதிபதி இதை வெளிப்படையாக எதிர்த்தார். புலனாய்வு அதிகாரிகள் போய்ச் சாட்சி சொல்லக்கூடாது என்றார். கடைசியில்தான், குழு அவரிடம் போனபோது, தன் வாக்குமூலத்தைக் கொடுத்தார். ஆக, பிளவை ஆராய வந்த பிரதியே பிளவின் ஒரு பக்கத்தில் நின்றுதான் எழுதப்பட்டது. அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளரின் பொறுப்பே மிகப் பெரியது என்று அது சொன்னது. ஜனாதிபதி அரசாங்கத்தையும் பாதுகாப்புக் கட்டமைப்பையும் குழப்பினார் என்றும் சொன்னது. தச்சனையும் அரசனையும் ஒரே அறிக்கையில் பெயர் சொன்னது அதன் பலம். தனக்கு அறையில் இடமில்லை என்று தெரிந்தும் பிரதமர் அதை ஏன் நாட்டறிய ஒரு பெரும் பிரச்சினையாக்கவில்லை என்ற கேள்வியை, ஜனாதிபதியின் பக்கம் காட்டிய அதே கூர்மையோடு அழுத்தாதது அதன் பலவீனம்.

இந்தப் பிரதியில் எங்களுக்கு முக்கியமான இன்னோர் இழை இருக்கிறது. 2017 மார்ச் 10 இல் காத்தான்குடியில் ஸஹ்ரானின் ஆட்கள் மற்ற முஸ்லிம்களோடு மோதினார்கள். அதன் பிறகு அவர் தலைமறைவு. அவரைப் பற்றிப் பொலிஸாருக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் முஸ்லிம்களே முன்கூட்டி முறையிட்டார்கள் என்று பல சாட்சியங்கள் குழுவின் முன் வந்தன. ‘முஸ்லிம்கள் சொன்னார்கள்.’ இந்த வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் பிறகு வந்த எல்லா விவாதத்திலும் இந்த வாக்கியம் காணாமற்போனது. எங்களைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியங்கள் அனைத்திலும் நாங்கள் செயப்படுபொருளாகவே இருந்தோம்: மத்ரஸாக்களைக் கட்டுப்படுத்துவது, உடையைத் தடுப்பது, நூல்களைச் சோதிப்பது. ஒரு சமூகம் எழுவாயாக நின்று செய்த ஒரே காரியம் பதிவிலிருந்து நழுவிப்போனால், அந்தச் சமூகம் சந்தேகத்தின் பொருளாக மட்டுமே மிஞ்சும்.

இரண்டாம் பிரதி: ஆணைக்குழு

பாராளுமன்றம் ஒரு பிரதியை எழுதிக்கொண்டிருந்தபோதே ஜனாதிபதி இன்னொன்றுக்கு ஆளை வைத்தார். 2019 செப்டெம்பரில் அவர் நியமித்த ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை 2021 பெப்ரவரியில், அடுத்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் கைக்குப் போனது. ஒரே துயரத்துக்கு ஒரே அரசு இரண்டு உண்மைகளைத் தேடியது என்பதே பிளவின் ஆழத்துக்குச் சான்று.

இந்தப் பிரதி வாசகனை ஓர் இடத்தில் வியக்க வைக்கிறது. தன்னை நியமித்தவரையே அது விட்டுவைக்கவில்லை; சிறிசேன மீது குற்றவியல் நடவடிக்கை பற்றிச் சிந்திக்குமாறு சட்டமா அதிபருக்குப் பரிந்துரைத்தது. ஏவுதற் கருத்தாவின் பெயரை இவ்வளவு வெளிச்சமாக ஓர் ஆணைக்குழு எழுதியது இந்த நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. ஆனால் அதே அறிக்கை பிரதமரிடம் வரும்போது வினையை மாற்றுகிறது. தீவிரவாதத்தின் மீது அவர் காட்டிய தளர்வான போக்கும் ஒரு முதன்மைக் காரணம் என்கிறது. தளர்வு என்பது செயலல்ல, குணம். சட்டம் செயலைத்தான் கேட்கும். அறையிலிருந்து வெளியே தள்ளப்பட்ட ஒருவரின் குணத்தையும் அறைக்குள் இருந்தவரின் செயலையும் ஒரே தராசில் வைத்தால் முள் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆட்டம் அரசியல்வாதிகளுக்கு வசதி. ஒவ்வொருவரும் அறிக்கையில் தனக்குப் பிடித்த பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார்கள்.

மூன்றாம் பிரதி: தீர்ப்பு

2022 பெப்ரவரியில் கொழும்பு மேல் நீதிமன்றம் முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோவையும் பூஜித ஜயசுந்தரவையும் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. ‘அப்ப ஆர்தான் பொறுப்பு?’ என்று ஊரில் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு 2023 ஜனவரி 12 இல் ஒரு விடை வந்தது. பன்னிரண்டு அடிப்படை உரிமை மீறல் மனுக்களை விசாரித்த ஏழு பேர் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம், தடுக்கத் தவறியதன் மூலம் மனுதாரர்களின் உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. சிறிசேன 10 கோடி ரூபா; பூஜித ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்த சிசிர மெண்டிஸ் 1 கோடி. அரச பணத்திலிருந்து அல்ல, தத்தமது சொந்தப் பணத்திலிருந்து.

மூன்று பிரதிகளில் இலக்கணச் சுத்தம் கூடியது இதுதான். தனக்கு அந்தத் தகவல் சொல்லப்படவில்லை என்பது முன்னாள் ஜனாதிபதியின் நிலைப்பாடு. ‘சொல்லப்படவில்லை’ என்ற அந்தச் செயப்பாட்டு வினைக்குள் அவர் ஒதுங்கப் பார்த்தார். நீதிமன்றம் அதை வினாவாகத் திருப்பியது: பாதுகாப்பு அமைச்சராகவும் முப்படைத் தளபதியாகவும் இருந்தவர், தகவல் தன்னிடம் வந்து சேரும் ஒழுங்கை ஏன் ஏற்படுத்தவில்லை? இதுதான் கருத்து. ஏவும் அதிகாரம் உள்ளவன் ஏவாமல் இருந்ததும் ஒரு செயல். அரசன் கட்டச் சொல்லாததால் அணை கட்டப்படவில்லை, வெள்ளம் வந்தது. அந்த வாக்கியத்திலும் கருத்தா அரசன்தான். தச்சர்களுக்கும் தண்டனை, அரசனுக்கு எல்லாரையும் விடக் கூடிய தொகை என்று தீர்ப்பு வரிசைப்படுத்தியதில் ஒரு நீதி இருக்கிறது.

ஒரு குறையும் இருக்கிறது. நட்டஈடு தனி மனிதர்களின் தவறை அளந்தது. அந்த மனிதர்களை அப்படி இருக்கவிட்ட அறை அப்படியேதான் நின்றது. அறையைத் திருத்துவது நீதிமன்றத்தின் வேலை அல்ல. அது பாராளுமன்றத்தின் வேலை, எங்கட வாக்கின் வேலை.

வேகமான கை

இப்போது சின்னப் பிரதிகளுக்கு வருகிறேன். ஏப்ரல் 4 இல் இருந்து 21 வரை 17 நாட்கள். அந்த 17 நாளில் எழும்பாத கை பிறகு எவ்வளவு வேகமாக எழுதியது என்று பாருங்கள். ஏப்ரல் 22 நள்ளிரவிலிருந்து அவசரகாலம். ஏப்ரல் 27 இல் இயக்கத் தடை. ஏப்ரல் 29 இல் முகத்தை மூடும் உடைக்குத் தடை. அடையாளம் காண முடியாதபடி முகத்தை மறைப்பதைத்தான் ஒழுங்குவிதி தடுத்தது. எந்த மதத்தின் பெயரையும் அது சொல்லவில்லை. ஆனால் பிரதியின் பொருளை அதை வாசிப்பவன்தான் முடிவு செய்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளி, பாடசாலைக் கேற்றில் நின்ற பெற்றோர், அலுவலக எழுதுவினைஞர் எல்லாரும் தங்களுக்கு விருப்பமான வாசிப்பைச் செய்தார்கள். முகம் முழுதும் தெரிய முந்தானை போட்ட பெண்களும் வழிமறிக்கப்பட்டார்கள். ஹஸலக்கவில் ஒரு பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பற் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்று வாசித்து அவரைக் கைது செய்தார்கள். குறியைத் தவறாக வாசிப்பது வகுப்பறையில் நடந்தால் புள்ளி குறையும். அவசரகாலத்தில் நடந்தால் ஒருவர் மறியலுக்குப் போகிறார்.

மே 29 இல் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது: அரச பெண் உத்தியோகத்தர்கள் சேலை அல்லது ஒசரி அணிய வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழு கேள்வி எழுப்பியதன் பின் அது திருத்தப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, இந்த அமைச்சு பிரதமரின் கட்சிக்காரரின் கையில் இருந்தது என்பதுதான். ஒழுங்குவிதி ஜனாதிபதியின் பக்கத்திலிருந்து, சுற்றறிக்கை பிரதமரின் பக்கத்திலிருந்து. பாதுகாப்புச் சபையில் ஒரே மேசையில் உட்கார முடியாத இரண்டு தரப்புக்கும் எங்கட பெண்களின் அலுமாரியில் மட்டும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

அரசியல் பிளவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக, பிளவு இருந்தால் தீர்மானம் தாமதமாகும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. பிளவு கடினமான தீர்மானத்தைத் தாமதப்படுத்தும். இலகுவான தீர்மானத்தை அவசரப்படுத்தும். உளவுத் தகவலைத் தேடிப் பிடித்து ஆளைக் கைது செய்வது கடினம். அதற்கு இரு தரப்பும் ஒன்றை ஒன்று நம்ப வேண்டும். உடையைத் தடுப்பது இலகு. அதில் இரு தரப்பும் ஒன்றோடு ஒன்று போட்டி போடலாம்.

இதற்கு மறுப்பும் இருக்கிறது. நாட்டுப் பாதுகாப்பு என்றால் ஒரே கை வேண்டும், பத்துப் பேர் கூடிக் கதைத்துக்கொண்டிருக்க முடியாது, இரகசியமும் வேகமும் தேவை என்பார்கள். எங்கட ஆட்களிலும் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை லேசாகத் தள்ளக்கூடாது. குண்டு வருகிறது என்று தெரிந்த நேரத்தில் வாக்கெடுப்பு நடத்த முடியாதுதான். ஆனால் 2019 ஏப்ரலில் பாதுகாப்பும் பொலிஸும் ஒரே கையில்தான் இருந்தன. இரகசியமும் தாராளமாக இருந்தது. வரவில்லை என்றால் அது வேகம் மட்டும்தான். அதிகாரத்தை ஒருவரிடம் குவித்தால் தகவலும் அவரிடம் தானாகக் குவியும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கேள்வி கேட்கக்கூடிய இன்னொருவர் அந்த அறையில் இருந்திருந்தால், ‘அந்தக் கடிதம் என்னாச்சு?’ என்று ஒரு வரியாவது விழுந்திருக்கலாம்.

அவசரகாலம் பாதுகாப்புத் தந்ததா என்பதற்கும் விடை பக்கத்திலேயே இருக்கிறது. மே 12, 13, 14 ஆம் திகதிகளில் சிலாபத்தில் தொடங்கி குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. கொட்டாரமுல்லையில் ஒரு மனிதர் வெட்டிக் கொல்லப்பட்டார். மினுவாங்கொடையில் கடைத்தெரு எரிந்தது. அப்போது அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. வீதியில் படையினர் நின்றார்கள். ஊரடங்கும் போடப்பட்டது. ‘கடைகள் எரிக்கப்பட்டன.’ இந்த வாக்கியத்துக்கு இயற்றுதற் கருத்தாவும் இல்லை, ஏவுதற் கருத்தாவும் இல்லை.

வேகமான கையின் நீண்ட நிழல் ஒரு கவிதைப் புத்தகத்தின் மீதும் விழுந்தது. 2020 மே மாதம் இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தனது ‘நவரசம்’ தொகுப்பின் பேரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தொகுப்பை வாசித்த எழுத்தாளர்கள் அதில் வன்முறைக்கு எதிரான கவிதைகள் இருக்கின்றன என்று எழுதினார்கள். ஒரு கவிதையை ‘நான்’ என்ற சொல்லில் எழுதினால் அந்த ‘நான்’ கவிஞன்தான் என்று வாசிப்பது ஆரம்ப வகுப்பு வாசிப்பு. கூற்று என்றொன்று இருப்பதை உயர்தர மாணவனுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் அந்தச் சட்டத்தின் 9 ஆம் பிரிவில் தடுப்புக் கட்டளைக்குத் தேவையானது அமைச்சரின் சந்தேகம் மட்டுமே. 2022 திருத்தம் வரும் வரை அந்தக் கட்டளையை நீட்டி நீட்டி 18 மாதம் வரை ஒருவரை வைத்திருக்கலாம். இங்கு ஏவுதற் கருத்தாவுக்குப் பெயரும் உண்டு, கையொப்பமும் உண்டு. காரணம் கேட்டால்தான் வாக்கியம் செயப்பாட்டு வினைக்கு மாறிவிடும்: ‘சந்தேகிக்கப்பட்டார்.’

எங்கட வாக்கியங்கள்

மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்திவிட்டு எங்கட வாக்கியங்களை விட்டுவிடுவது திறனாய்வு ஆகாது. 2019 ஜூன் 3 இல், கண்டியில் அத்துரலியே ரதன தேரர் உண்ணாவிரதம் இருந்த நாட்களில், முஸ்லிம் அமைச்சர்கள் எல்லாரும் சேர்ந்து பதவி விலகினார்கள். இரண்டு ஆளுநர்களும் விலகினார்கள். அது ஓர் அபூர்வமான ஒற்றுமை. யார் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்று நாட்டுக்குத் தெரிந்தது. எழுவாய் தெளிவாக இருந்த நாள் அது.

பதினாறு மாதங்களுக்குப் பிறகு, 2020 ஒக்டோபர் 22 இல் 20 ஆவது திருத்தம் வந்தது. 19 இல் குறைத்த அதிகாரத்தை மீண்டும் ஒரே கையில் கொடுப்பது. ஆதரவாக 156, எதிராக 65. கொவிட்டில் மரணித்தவர்களின் ஜனாஸாக்கள் ஏப்ரல் மாத வர்த்தமானியின் பேரில் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தீர்மானத்துக்கும் ‘நிபுணர் குழுவால் பரிந்துரைக்கப்பட்டது’ என்பதுதான் விடையாக இருந்தது. அந்த நேரத்தில் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் பலர், தங்கள் கட்சித் தலைவர்கள் எதிர்த்து வாக்களிக்க, திருத்தத்துக்குக் கையுயர்த்தினார்கள். ஊருக்கு வந்து என்ன சொன்னார்கள்? ‘சமூகத்தின் நன்மைக்காக அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டது.’ ஆர் எடுத்தது, ஆர் எடுக்கச் சொன்னது, அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. எரிப்பு நின்றது 2021 பெப்ரவரியில். அரசனிடம் கற்ற இலக்கணத்தைத்தான் எங்கட பிரதிநிதிகளும் எங்களிடம் பேசினார்கள்.

ஆட்கள் மாறியிருக்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சு இன்றும் ஜனாதிபதியிடமே இருக்கிறது. 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியதற்காக ஓர் இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்துவைக்கப்பட்டார். மேடையில் அந்தச் சட்டத்தை நீக்குவோம் என்று சொன்னவர்களின் காலத்திலேயே அது நடந்தது. ஆள் நல்லவரா கெட்டவரா என்பது இங்கு கேள்வி இல்லை. சந்தேகத்தில் கையொப்பம் வைக்கும் அதிகாரமும் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லாத வசதியும் சேர்ந்து இருக்கும் வரை, நல்லவரின் கையும் அதே வாக்கியத்தைத்தான் எழுதும்.

ஆகவே எங்களுடைய கோரிக்கை ‘முஸ்லிம்களுக்கு அநியாயம் நடக்கிறது’ என்ற பொதுவான முறைப்பாடாக நின்றுவிடக்கூடாது. கொச்சிக்கடையில் பிள்ளையை இழந்த தாய்க்கும் மினுவாங்கொடையில் கடையை இழந்தவருக்கும் பொதுவான கோரிக்கை ஒன்று இருக்கிறது. தேசிய பாதுகாப்புச் சபையில் யார் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் எழுத வேண்டும். பிரதமரையும் பொலிஸ் மா அதிபரையும் ஒருவரின் கோபம் வெளியே நிறுத்தக்கூடாது. யார் வந்தார்கள், எந்த எச்சரிக்கை வாசிக்கப்பட்டது, யார் என்ன தீர்மானித்தார்கள் என்ற பதிவு இருக்க வேண்டும்; இரகசியம் என்றால் பாராளுமன்றத்தின் இரு தரப்பும் உள்ள ஒரு குழுவாவது அதைப் பார்க்க வேண்டும். அவசரகால ஒழுங்குவிதி ஒவ்வொன்றும் எதற்காக என்று பாராளுமன்றத்தில் பெயரோடு ஒருவர் எழும்பி விளக்க வேண்டும். தடுப்புக் கட்டளை சந்தேகத்தில் அல்ல, நீதவான் பார்க்கும் சான்றில் நிற்க வேண்டும்.

இதெல்லாம் சட்டத்தரணிகளின் வேலை என்று எங்கட படித்தவர்கள் தள்ளிவிடுவார்கள். வாக்கியத்தில் யார் இல்லை என்று கண்டுபிடிப்பதற்குச் சட்டம் படிக்கத் தேவையில்லை. அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், பள்ளிவாசல் திண்ணையிலோ சந்திக் கடையிலோ வைத்துக் கேட்கலாம்: ‘20 க்குக் கையுயர்த்தச் சொன்னது ஆரு? பாதுகாப்புச் சபைக்குச் சட்டம் கொண்டு வருவீங்களா, இல்லையா?’ அவர் ‘பார்க்கப்படும்’ என்று சொன்னால், ‘ஆரால?’ என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்.